நெல், ரப்பர், மனை: நாஞ்சில்நாட்டு நிலமாற்றமும் மக்கள் நலமும்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் கன்னிப்பூ எனப்படும் முதல் போக நெல் சாகுபடிக்காகக் கோதையாறு பாசனத் திட்ட அணைகளில் தண்ணீர் திறக்கப்படுவது வழக்கம். அதற்கான அரசு அறிவிப்பில் பாசனப் பரப்பு 79,000 ஏக்கர் என்று இருக்கும். இராதாபுரம் வட்டத்துக்குப் போகும் நீரும் இதில் அடக்கம். அதைக் கழித்தாலும் குமரி மாவட்டத்துக்கென்று அறுபதாயிரம் ஏக்கருக்கு மேல் நிற்கும். அதே பூவுக்கு (போகத்துக்கு) வேளாண் துறை சொல்லும் நெற்பரப்போ 6,500 ஹெக்டேர் அளவில், அதாவது ஏறத்தாழ 16,000 ஏக்கர். பாசனப் பரப்பு முழுவதும் ஒருகாலத்தில் நெல்லாகவே இருந்தது என்று சொல்வதற்கில்லை. கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் தென்னையும் வாழையும் கால்வாய்த் தண்ணீரைக் குடித்தே வளர்ந்தவை. ஆனாலும் நாஞ்சில்நாடு எனப்படும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களில் நெல் பின்வாங்கியதைக் காண ஆவணம் புரட்ட வேண்டியதில்லை, நாகர்கோவிலிலிருந்து எந்தத் திசையில் பேருந்தில் போனாலும் தெரியும். நெல் போன நிலம் எதுவாக மாறியது என்பது எளிய கேள்வி. மாறியதால் இங்குள்ளவர்கள் நன்றாக இருக்கிறார்களா என்பதுதான் கடினமான கேள்வி.

ஐக்கிய நாடுகள் அவையின் முன்முயற்சியில் நடந்து 2005-இல் வெளியான ஆயிரமாண்டுச் சூழல் அமைப்பு மதிப்பீடு, இயற்கையிடமிருந்து மனிதர் பெறும் பயன்களைச் 'சூழல் அமைப்புச் சேவைகள்' என்று பெயரிட்டு வகைப்படுத்தியது. உணவும் நீரும் ஒரு வகை. வெள்ளத்தைத் தணிப்பதும் நிலத்தடி நீரை ஊட்டுவதும் இன்னொன்று. பண்பாட்டுப் பயன்கள் வேறு. இவை அனைத்தையும் தாங்கும் மண்ணாக்கம் முதலான செயல்கள் அடியில். இச்சேவைகள் குன்றினால் மனித நலமும் குன்றும் என்பது அந்த மதிப்பீட்டின் எதிர்பார்ப்பு. ஆனால் உலகளவில் சூழல் சீரழிந்த அதே பத்தாண்டுகளில் மனித நலக் குறியீடுகள் உயர்ந்துகொண்டே வந்தன. சியாரா ரௌட்செப்-ஹெர்னும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2010-இல் இதைச் 'சூழலியலாளரின் புதிர்' என்றே குறிப்பிட்டார்கள்.

அந்தப் புதிருக்குக் குமரி மாவட்டத்தைவிடப் பொருத்தமான களம் தமிழ்நாட்டில் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு 91.75 விழுக்காடு, மாநிலத்தில் முதலிடம். சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் நெருங்கி வாழும் மாவட்டமும் இதுவே. நெல்வயல் சுருங்கிச் சுருங்கி வந்த காலத்தில் பள்ளியும் மருத்துவமனையும் காரைவீடும் பெருகின. எனவே 'வயல் அழிந்தது, வாழ்வு அழிந்தது' என்ற புலம்பல் இங்கே செல்லுபடியாகாது. நிலமாற்றம் பயன்களைக் குறைத்ததோடு நிற்கவில்லை, அவற்றின் உரிமையை இடம் மாற்றியது என்பதே இக்கட்டுரையின் வாதம். தண்ணீரின் வழியாகப் பலருக்கும் பொதுவில் கிடைத்தவை போய், பத்திரத்தின் வழியாக ஒருவருக்குக் கிடைப்பவை வந்தன. இழப்பு மட்டும் பொதுவிலேயே தங்கிவிட்டது.

மறுகாலும் மடையும்

நாஞ்சில்நாட்டு நெல் என்பது பழையாற்றின் நெல். சுருளகோட்டுப் பக்கம் தொடங்கி மணக்குடிக் காயலில் முடியும் இச்சிற்றாறு தன் சொந்த மழையை மட்டும் நம்பியிருந்தால் இருபூ விளைச்சலுக்குத் தாங்கியிருக்காது. மேற்கே ஓடிய பரளியாற்றை மறித்து, அதன் நீரைக் கிழக்கே பழையாற்றுக்குத் திருப்பிய பாண்டியன் அணையும் பாண்டியன் கால் என்ற வாய்க்காலும்தான் இந்த நாட்டை நன்செய் நாடாக்கின. ஒரு வடிநிலத்தின் நீரை இன்னொரு வடிநிலத்துக்குத் திருப்புவதை இன்றைய நீர்ப்பொறியியலின் சாதனை என்று எண்ணுபவர்கள் இந்தக் காலின் கரையில் ஒருமுறை நடந்து பார்க்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மர் காலத்தில் அதற்குச் சற்றுக் கீழே புத்தன் அணை எழுந்தது. பத்மநாபபுரம் புத்தனாறு அங்கிருந்து பிரிகிறது.

பழையாற்றில் வந்த நீரைப் பள்ளிகொண்டான், வீரநாராயணமங்கலம், சோழன்திட்டை, பிள்ளைபெற்றான் என்று வரிசையாக நிற்கும் சிற்றணைகள் மறித்து இருபுறக் கால்களிலும் ஏற்றின. கால்கள் குளங்களை நிரப்பின. குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அந்த நீர் வீணாவதில்லை, அடுத்த ஊர்க் குளத்துக்கு அதுவே வரத்து. மாவட்டத்தில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் கணக்கில் உள்ளன. கடலோரத்துக்கு வரும்போது ஒரே தண்ணீர் பல ஊர் வயல்களில் நின்று, கசிந்து, கிணறுகளில் ஊறி, வடிந்து வந்திருக்கும்.

வயலும் இந்த அமைப்பில் தண்ணீரை வாங்கிக்கொள்ளும் கடைசி இடம் மட்டுமன்று. தொளி உழவு போட்டு வரப்பு வைத்த நெல்வயல் ஒருசாண் ஆழக் குளம். பரப்போ பெரிது. ஒரு பத்து முழுவதும், அதாவது ஓர் ஊரைச் சுற்றி ஒரே தொடராகக் கிடக்கும் வயல்பரப்பு முழுவதும், ஐப்பசி மழையை ஓர் அங்குலம் கூடுதலாகத் தாங்கினாலே கீழேயுள்ள ஊருக்கு வெள்ளம் சில மணி நேரம் தள்ளிப்போகும். கன்னிப்பூ அறுத்தடிப்புக்கும் இரண்டாம் போகமான கும்பப்பூவுக்கும் இடையில் வயலில் இறங்கும் கொக்கும் நாரையும், வாய்க்காலில் ஏறும் கெண்டையும் கெளுத்தியும், வரப்பில் பறிக்கும் கீரையும், வைக்கோலை நம்பிய மாடும், மாட்டை நம்பிய எருவும் யாருடைய பட்டாவிலும் எழுதப்பட்டவை அல்ல. நிலமில்லாத வீட்டுக் குழம்புச்சட்டிக்கு மீன் வந்தது அந்த வாய்க்காலிலிருந்துதான்.

யாருடைய நலம்?

இப்படி எழுதிக்கொண்டே போனால் பழைய நாஞ்சில்நாடு சொர்க்கமாகத் தோன்றிவிடும். அழகியபாண்டிபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தின் ஓலைச்சுவடிகள் அந்த மயக்கத்தைத் தெளிவிக்கும். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ஆராய்ந்தவையும், பிற்பாடு அ.கா. பெருமாள் பதிப்பித்தவையுமான இந்த ஓலைகளில் நிலம், வரி, நீர் பற்றிய செய்திகளோடு மனிதரை விற்ற செய்திகளும் இருக்கின்றன. நெல் விளைவித்த கைகள் அடிமைகளின் கைகள். அன்று இப்பகுதி அடங்கியிருந்த திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல். அதற்குப் பின்னும் கொத்து என்று களத்தில் அளக்கப்பட்ட நெல்லே கூலி. மழை பொய்த்த ஆண்டில் அதுவும் இல்லை.

ஆகவே, சூழல் அமைப்புச் சேவை என்று நாம் இன்று அழைப்பது அன்று சாதிப்படியில் ஏறி இறங்கித்தான் மக்களைச் சேர்ந்தது. நீர் பொதுவில் ஓடியது, ஆனால் மடையைத் திறக்கும் அதிகாரம் பொதுவில் இல்லை. இந்தக் கசப்பைச் சேர்க்காமல் எழுதப்படும் நீர்மேலாண்மைப் புகழுரைகள் எனக்கு ஒப்பவில்லை.

நிலம் கைமாறும் பொருளானது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1865-ஆம் ஆண்டுப் பண்டாரப்பாட்ட விளம்பரம் திருவிதாங்கூரில் அரசுநிலக் குடியானவர்களுக்கு நிரந்தர உரிமையும் விற்கும் உரிமையும் கொடுத்தது. ஒரு மரம் பலன் தர ஏழெட்டு ஆண்டு காத்திருக்க ஒருவர் துணிவது நிலம் தன்னிடமே இருக்கும் என்ற உறுதி இருந்தால்தான். மேட்டுநிலங்களில் தோட்டப்பயிர் பெருகியதற்கு இந்த உறுதி ஒரு முக்கியக் காரணம். மரவள்ளிக்கிழங்கும் அதே மேட்டுநிலங்களில் பரவியது. விளவங்கோட்டு ஏழைவீட்டின் இரவுச் சாப்பாடு மரச்சீனி எனப்படும் அந்தக் கிழங்கும் மீனும் என்பது அப்படி உருவான பழக்கம். நெல்லை நம்பாத ஒரு வாழ்க்கை மேற்கே முன்பே தொடங்கிவிட்டது.

நாஞ்சில்நாட்டு நன்செயில் உடைப்பு வேறு வழியில் வந்தது. சொத்து சகோதரியின் மக்களுக்குப் போகும் மருமக்கள்வழித் தாயத்தில் கூட்டுச் சொத்தாகக் கிடந்த வேளாளர் நிலங்களை 1926-இன் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் பாகம் பிரிக்க வைத்தது. அந்த முறையின் கொடுமைகளைக் கவிமணி 'நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியத்தில்' எள்ளி நகைத்திருந்தார். சட்டம் வந்ததில் மனைவி மக்களுக்குக் கிடைத்த நீதி பெரிது. நிலத்தின் பக்கம் நின்று பார்த்தால், கோட்டைக் கணக்கில் விதைப்பாடு இருந்த குடும்பங்கள் இரண்டு தலைமுறையில் மரக்கால் கணக்குக்கு வந்தன. பத்மநாபசுவாமி கோயிலுக்குரிய ஸ்ரீபண்டாரவகை நிலங்கள் 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ரயத்துவாரியாயின. நீதியும் துண்டாடலும் ஒன்றாகவே வந்தன என்பதை நில வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

பேச்சிப்பாறைக்குப் பின்

1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணை கோதையாற்று நீரையும் பழைய கட்டமைப்போடு இணைத்தது. கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அணைக்கு அருகிலேயே இருக்கிறது. 1950-களில் பெருஞ்சாணி, பிறகு சிற்றாறு அணைகள், 1966-இல் மாத்தூர் தொட்டிப்பாலம் என்று நீர் விளவங்கோட்டு மேடுகள்வரை ஏறியது. பட்டணங்கால் என்ற கால்வாய் பாய்ந்த ஊர்கள் இதனால் பெற்ற நன்மையைக் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆயினும் ஒரு மாற்றம் கவனிக்கத் தக்கது. அணைக்கு முன் ஓர் ஊரின் விளைச்சல் அந்த ஊர்க்குளத்தின் கொள்ளளவைப் பொறுத்தது. தூர் எடுப்பதும் மடையைச் செப்பனிடுவதும் ஊராரின் உடனடிக் கவலை. அணை வந்தபின் கண் பேச்சிப்பாறை நீர்மட்டத்தின் மேல் போயிற்று. 48 அடியில் எத்தனை அடி நிற்கிறது என்பதை இன்றும் நாளிதழ்கள் தினமும் அச்சிடுகின்றன. தேரூர்க் குளத்தில் எத்தனை அடி வண்டல் சேர்ந்திருக்கிறது என்பதை எவரும் அச்சிடுவதில்லை. திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.பி.எஸ். ரகங்களும் அம்பை 16-உம் விளைச்சலைக் கூட்டிய ஆண்டுகளில் குளம் இரண்டாம்பட்சமாயிற்று.

மலையில் நடந்தது

அசம்பு மலைகளில் 1860-களில் காட்டை வெட்டிக் காப்பி வைத்தார்கள் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள். இலைத்துரு நோய் காப்பியை முடித்தது. அங்கங்கே தேயிலையும் ஏலமும் கிராம்பும் தொடர்ந்தன. மலைச்சரிவின் நிறத்தையே மாற்றியது ரப்பர்தான். தமிழ்நாட்டு ரப்பர் என்றாலே குமரி ரப்பர். இரண்டு பருவமழையும் இங்கே பெய்வது அதற்கு வாய்ப்பாயிற்று. 1964-இன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர்களுக்கு வாழ்வளிக்க வனத்துறை நிலங்களில் ரப்பர் விரிந்தது. 1984-இல் தொடங்கிய அரசு ரப்பர் கழகம் ஏறத்தாழ 4,800 ஹெக்டேரை இப்படி ஏற்றுக்கொண்டது. ஓரிடத்தில் வேரறுக்கப்பட்டவர்களுக்கு இன்னோரிடத்தில் காட்டின் வேரை அறுத்துப் பிழைப்புக் கொடுத்த கதை இது. அதைக் குற்றம் என்று எழுதக் கை வராது, கணக்கில் சேர்க்காமலும் விட முடியாது.

சிறு விவசாயிக்கு ரப்பர் ஏன் பிடித்தது என்பதை அதன் வேலைமுறை சொல்லும். விடிவதற்கு முன் தலையில் விளக்கோடு ஒருவர் முந்நூறு மரங்களுக்குப் பால் வெட்டிவிடலாம். பட்டையில் சாய்வாக இறக்கிய கோட்டின் வழியே பால் சிரட்டையில் சொட்டும். வெயில் ஏறுமுன் எடுத்து, அமிலம் சேர்த்து உறையவைத்து, உருளையில் அழுத்தி ஷீட்டாக்கிப் புகையிட்டால் வாரக்கடைசியில் காசு. பட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலுக்குக்கூட விலை உண்டு. நெல்லைப் போல நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் இருபது ஆள் தேட வேண்டாம். குலசேகரம், அருமனை, கடையாலுமூடு பக்கத்து வீடுகளில் பிள்ளைகளைச் செவிலியர் படிப்புக்கும் பொறியியலுக்கும் அனுப்பியது இந்த வாரக்காசு.

அதே காசுக்குக் கடிவாளம் வேறெங்கோ இருந்தது. 2011-இல் கிலோ 240 ரூபாயை எட்டிய ஷீட் 2016-இன் தொடக்கத்தில் நூறுக்குக் கீழே இறங்கியது. வெட்டுக்கூலிகூடக் கட்டாததால் பல தோட்டங்களில் மரத்தை அப்படியே விட்டார்கள். அடுத்த ஆண்டே, 2017 நவம்பர் 29, 30 தேதிகளில், ஒக்கி புயல் வந்தது. ஒரே வயதில் நெருக்கமாக நட்ட மரங்கள் வரிசையாக முறிந்து விழுந்தன. வாழைத்தோப்புகளைச் சொல்லவே வேண்டாம். நெல்லுக்கு ஒரு பூ போனால் அடுத்த பூ உண்டு. ரப்பருக்குப் போனது ஏழு ஆண்டு.

காட்டுக்கும் ரப்பருக்கும் நீர்விஷயத்தில் உள்ள வேறுபாட்டைத் தொலைவிலிருந்து பார்ப்பவர் உணரமாட்டார், இரண்டும் பச்சை. பல அடுக்குக் காட்டின் சருகுமெத்தையும் அடிச்செடிகளும் மழைத்துளியை உடைத்து மண்ணுக்குள் இறக்கும். அடித்தளம் சுத்தமாக்கிய தோட்டச்சரிவில் நீர் விரைந்து இறங்கும், மண்ணையும் கூட்டிக்கொண்டு. அந்த மண் அணையில் படிகிறது. மலைத்தோட்டத்தின் வருமானம் தோட்டக்காரருக்கு, வண்டல் அணைக்கு, தட்டுப்பாடு கடைமடை வயலுக்கு. எஞ்சிய காட்டில் 402 சதுர கிலோமீட்டர் இப்போது வனவிலங்குச் சரணாலயம். பேச்சிப்பாறையைச் சுற்றிய காணிக்காரர் பழங்குடிக் குடியிருப்புகளின் நலம் அந்தக் காட்டோடு நேராகவே கட்டுண்டது. அவர்களுக்குத் தேனும் மருந்தும் புள்ளிவிவரத் தலைப்புகள் அல்ல, அன்றாடம்.

வயல் மனையாகும் விதம்

ஒரு வயல் ஒரே நாளில் மனையாவதில்லை. முதலில் வரப்பில் தென்னம்பிள்ளை வரும். நிழல் விழுந்து நெல் பதராகும்போது உள்ளே மண் கூட்டி வாழை வைப்பார்கள். பிறகு அது தோப்பு. அடுத்த வயல்காரருக்கு நீர்போகும் வழி அடைபடும், அவரும் விடுவார். நாற்பது வயலுள்ள பத்தில் ஐந்து வயல் இப்படிப் போனால் மீதி முப்பத்தைந்தும் தடுமாறும். ஏனென்றால் வயலுக்கு வயல் பாயும் நீரில் நடுவில் ஒருவர் விலகினால் கடைசிக்காரருக்குத் தண்ணீர் இல்லை. செங்கல்சூளைக்கு மேல்மண் விற்ற வயல் ஒரு முழம் தாழ்ந்துபோய்த் தண்ணீர் வடியாது. பக்கத்து வயலுக்குத் தண்ணீர் ஏறாது. ஒருவர் தம் சொத்தைத் தம் விருப்பப்படி பயன்படுத்தினார் என்றுதான் சட்டம் சொல்லும்.

இதற்குத் தூண்டுகோல்கள் பல. வளைகுடாப் பணம் 1970-களிலிருந்து வீடாக மாற நிலம் தேடியது. படித்த பிள்ளைகள் தொளியில் இறங்கவில்லை. முன்பு இறங்கியவர்களின் பேரர்கள் இறங்காமலிருப்பதை வளர்ச்சி என்றே நான் கருதுகிறேன். கொத்து நெல்லுக்குக் குனிந்த முதுகு நிமிர்ந்தபோது வயலுக்கு ஆள் இல்லாமல் போயிற்று. இந்த விலையை யார் கொடுத்திருக்க வேண்டும் என்பதே கேள்வி. நெல்லின் கொள்முதல் விலை அந்தச் சமூகச் செலவை ஒருபோதும் ஏற்கவில்லை. காவல்கிணறு, நாகர்கோவில், களியக்காவிளை வழிப்போகும் நான்குவழிச் சாலையோ வயல்களுக்கும் குளங்களுக்கும் குறுக்கே மண்கரையாக எழுந்தது. சாலை கண்ட இடத்தில் வயலின் விலை ஏறியது, நெல்லின் விலை ஏறவில்லை.

அங்கீகாரமில்லா மனைகளைப் பத்திரப்பதிவு செய்யச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடைவிதித்தபோது சில மாதம் வேகம் தணிந்தது. மறு ஆண்டே அந்த மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தது. எல்லைக்கு அந்தப்புறம் நிலைமை வேறு. 1956 நவம்பர் 1 வரை இந்த வட்டங்களும் இருந்த மாநிலத்தின் வாரிசான கேரளம், 2008-இலேயே நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 2020-இல் நெல்வயல் வைத்திருப்பவருக்கு ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் ஆண்டு ஊக்கத்தொகையும் தொடங்கியது. தொகை சிறிது. சட்டத்திலும் ஓட்டைகள் உண்டு. ஆனால் நெல்லுக்கு விலை தருவது வேறு, வயல் வயலாக இருப்பதற்கு விலை தருவது வேறு என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டது அங்கேதான். நாஞ்சில்நாட்டை இழந்தபின் நெல்லின் அருமை கேரளத்துக்குத் தெரிந்தது என்று இங்கே கிண்டலாகச் சொல்வார்கள். கிண்டலில் உண்மை இல்லாமலில்லை.

இழப்பு தலைகாட்டிய இடங்கள்

2021 நவம்பரில் இரண்டு நாள் மழைக்கு மாவட்டம் மிதந்தது. கால்வாய்க் கரைகள் உடைந்தன, ரயில் பாதையில் மண் சரிந்தது, நாகர்கோவிலைச் சுற்றிய தாழ்வான குடியிருப்புகளில் தண்ணீர் புகுந்தது. மழை பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் நின்ற புதுக்குடியிருப்புகள் பலவும் முன்பு தண்ணீர் நிற்பதற்கென்றே இருந்த வயல்கள். நலக்குறியீட்டில் 'சொந்த வீடு' என்று பதிவான அதே கட்டடம் பேரிடர்ப் பட்டியலில் 'பாதிக்கப்பட்டது' என்று பதிவாயிற்று.

கடலோரத்தில் கணக்கு இன்னும் கடுமை. பழையாறு நகரின் கழிவையும் சுமந்துகொண்டுதான் சுசீந்திரம் தாண்டி மணக்குடிக்குப் போகிறது. மேலே நன்னீர் குறையக் குறையக் காயலில் உப்பு மேலேறும். கரையோரக் கிணறுகளுக்கும் அது வரும். காயலை நம்பிய மீனவர் எவரும் நெல்வயலை மனையாக்கவில்லை, மலையில் ரப்பர் வைக்கவில்லை, ஆனாலும் இழப்பு அவர்களுக்கும் வந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் இடையிலிருந்த பாலத்தையே பெயர்த்துப் போட்டபோது, காயலின் அலையாத்திக் காடு எஞ்சியிருந்தது சிறு துண்டுகளாக மட்டுமே.

பறவைகள் பக்கம் செய்தி சற்று மாறுபட்டது. சுசீந்திரம் – தேரூர் – மணக்குடி 2015-இல் பாதுகாப்புக் காப்பகமாயிற்று. 2022-இல் சுசீந்திரம் – தேரூர் ஈரநிலத் தொகுதியும் (94.23 ஹெக்டேர்) வேம்பனூர் ஈரநிலத் தொகுதியும் (19.75 ஹெக்டேர்) ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. இரண்டும் மனிதன் வெட்டிய பாசனக்குளங்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் அங்கே வருவது குளத்துக்காக மட்டுமல்ல, சுற்றியுள்ள வயலுக்காகவும். எல்லைக்கல் குளத்தைச் சுற்றி நிற்கிறது. வயல் கல்லுக்கு வெளியே. தோவாளைச் சந்தைக்குப் போகும் தாமரை இந்த வட்டாரக் குளங்களில் விளைகிறது. அடர்ந்து வளர்ந்த தாமரையில் குளம் தூர்ந்து நீர்ப்பிடிப்பு குறைகிறது என்பது பாசனக்காரர் முறையீடு. பூப்பறிப்பவருக்கும் அது பிழைப்பு. குளத்தையும் வயலையும் கோத்த சங்கிலி அறுந்தபின் ஒரே குளத்தின் பயன்கள் ஒன்றோடொன்று மோதத் தொடங்குகின்றன.

இந்தப் பின்னணியில் சூழலியலாளரின் புதிரை மறுபடி எடுத்துப் பார்த்தால் குமரியின் நலம் எங்கிருந்து வந்தது என்பது துலங்கும். வளைகுடா ஊதியம், மிஷன் பள்ளிகளும் அரசுப் பள்ளிகளும் தந்த கல்வி, வெளியூர் அரிசி ஆகிய மூன்றும் உள்ளூர் நிலத்தின்மேல் நின்றவை அல்ல. சோற்றுக்கு உள்ளூர் வயல் வேண்டாம் என்றாகிவிட்டது. அரிசியை லாரியில் கொண்டுவரலாம். வெள்ளம் தாங்கும் பள்ளத்தையும் கிணற்றூற்றையும் கொண்டுவர முடியாது. நலக்குறியீடு உயர்ந்ததும் சூழல் தேய்ந்ததும் ஒரே காலத்தில் நடக்க முடிந்தது இதனால்தான். குறியீடு அளந்தது லாரியில் வரக்கூடியவற்றை.

அடுத்த மோதல் தண்ணீரிலேயே உருவாகிவருகிறது. 1940-களில் கட்டிய முக்கடல் அணை நாகர்கோவிலுக்குக் குடிநீர் தந்துவந்தது. 2019-இல் மாநகராட்சியான நகரத்துக்கு அது போதாமல் போக, நெல்லுக்காக எழுந்த புத்தன் அணையிலிருந்து குழாயில் நீர் எடுக்கும் திட்டம் வந்தது. குடிநீருக்கே முன்னுரிமை என்பது நாட்டின் நீர்க்கொள்கை. அதன்படி, பேச்சிப்பாறை மட்டம் இறங்கும் ஆண்டில் கும்பப்பூவின் கடைமடை விவசாயி காத்திருக்க வேண்டும். அவருடைய வயலில் நின்று கசிந்த நீர்தான் நகரின் ஆழ்துளைக் கிணறுகளுக்கும் ஊட்டம் என்பதால், அவர் பயிரிடாமல் விட்டால் குழாயின் மேல் சுமை இன்னும் கூடும். வயல்களை நீர்தேக்கும் கட்டமைப்பாகக் கருதி அதற்கான தொகையைக் குடிநீர்த் திட்டச் செலவிலேயே சேர்க்கும் ஏற்பாடு இம்மாவட்டத்தில் இதுவரை இல்லை.